ஐப்பசியில் வந்த குடை

காரைக்காலில் ஐப்பசி மாதத்தில் யாரும் யாருக்கும் குடை கொடுக்க மாட்டார்கள். இரவல் கேட்டால்கூட, "எங்க வீட்லயே ஒண்ணுதாங்க இருக்கு" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. அந்த மாதத்தில் கடல் பக்கமிருந்து மழை சாய்ந்து அடிக்கும். மேலே குடையும் கீழே மடித்துக் கட்டிய வேட்டியும் இருந்தால்தான் மனிதன் வேலைக்குப் போய்ச் சேர முடியும்.

அப்படிப்பட்ட ஒரு ஐப்பசியில் எனக்கு ஒரு குடை சும்மா கிடைத்தது. அதுவும் சாதாரணக் குடை இல்லை. கடல் தாண்டிச் சைகோனில் கடை வைத்திருந்த ஒரு அண்ணன் தன் தம்பிக்கு அனுப்பிய குடை. வளைந்த பிரம்புப் பிடி, பிடியின் கழுத்தில் ஒரு வெள்ளிப் பூண். விரித்தால் இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். கொடுத்தவர் அந்தத் தம்பி, எங்கள் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் பாய். சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது கையில் கொடுத்து, "இத நீ வச்சுக்க தம்பி" என்றார்.

"நீங்க எப்புடிப் போவீங்க பாய்?"

"எனக்கு என்ன, பக்கந்தானே" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தார்.

எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். நான் செய்த முதல் காரியம், நேர் வழியில் வீட்டுக்குப் போகாமல் கடைத்தெரு முழுவதும் சுற்றிக்கொண்டு போனது. பிறவியிலேயே கூச்சக்காரன் நான். கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடந்ததே இல்லை. அன்றைக்கு நடந்தேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருதுங்க?"

"என்னுது. பாய் குடுத்தாரு."

"சும்மாவா?"

"சும்மாத்தான்."

"ஐப்பசியிலயா?" என்றாள். அந்தக் கேள்வி என் காதிலேயே நின்றுவிட்டது.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். அப்பா நெடுங்காட்டில் கூலிக்கு நடவு பார்த்தவர். எப்படியோ எனக்கு ஆஸ்பத்திரியில் புட்டி கழுவுகிற வேலை கிடைத்தது. இந்தக் காலத்து ஆட்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் மருந்துக்குப் புட்டி தர மாட்டார்கள். நோயாளியே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். விளக்கெண்ணெய்ப் புட்டி, பன்னீர்ப் புட்டி, துரைமார் குடித்துவிட்டுப் போட்ட புட்டி எல்லாம் வரும். அவற்றை வாங்கிச் சோடாத்தூள் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். கம்பவுண்டர் மருந்து கலந்து ஊற்றுவார். பிறகு வேளைக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்று காட்ட, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய ஒரு காகிதத்தைப் புட்டியின் வயிற்றில் ஒட்டுவேன். ஒரு பல் ஒரு வேளை. அந்தக் காகிதம் வெட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. ரம்பம்போல ஒரே அளவாக வெட்டுவேன்.

வேலை எனக்கு ஒத்துப்போனதற்குக் காரணம், புட்டிகள் பேசாது. பேச வேண்டியதை எல்லாம் பாய் பேசிவிடுவார்.

அவருக்கு வயது நாற்பத்தைந்து. மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு டாக்டர்களிடம் வேலை கற்றவர். மருந்தறை ஜன்னலில் அவர் நின்றால் நோயாளிகளுக்குப் பாதி நோய் அங்கேயே போய்விடும். வரிச்சிக்குடியிலிருந்து ஒரு அம்மாள் பெரிய எண்ணெய்ப் புட்டியை நீட்டினால், "இது என்னம்மா, ஊருக்கே இருமலா?" என்பார். மருந்து கசக்கிறது என்று யாராவது சொன்னால், "இனிச்சா உன் மாமியா குடிச்சிடுவா" என்பார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே கசப்பு மருந்தை வாங்கிப் போவார்கள். எனக்கும் அவர் ஒரு வேலை வைத்திருந்தார். அவர் வேடிக்கையாக ஏதாவது சொன்னதும், நான் சிரிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். நான் புட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி மறு வருஷம் அது. ஆஸ்பத்திரியில் பழைய ஆட்கள் இன்னும் டாக்டரைப் பிரெஞ்சு வழக்கப்படி 'முசே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புது டாக்டர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், சின்ன வயது. அவருக்கு அந்த முசே காதில் ஏறவே இல்லை. யாராவது கூப்பிட்டால் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

அதுவரை மருந்தறையில் இரண்டு கம்பவுண்டர்கள். ஒருவரை மாற்றல் செய்தார்கள், பதிலுக்கு ஆள் வரவில்லை. அந்த வருஷம் ஆடியில் தொடங்கிய காய்ச்சல் புரட்டாசி வரை நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நாள் தவறாமல் வரிசை. பாய் ஒற்றை ஆளாக நின்றார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக்கூட ஓடிப்போய் ஓடிவருவார். இரண்டு மாதத்தில் அவர் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் நோயாளிகளைப் பார்த்து, "எப்புடி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த இரண்டு அளவுக் குவளைகளின் சங்கதி நடந்தது.

பாய் கையில் பழகியது பிரெஞ்சுக் கோடு போட்ட கண்ணாடிக் குவளை. புது டாக்டர் எழுதியது அவுன்ஸ் கணக்கில். அதற்காக மதராஸிலிருந்து புதுக் கோடு போட்ட குவளை வந்தது. இரண்டும் ஒரே உயரம், ஒரே வாய், ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு நாள் கூட்ட நெரிசலில் பாய் ஒன்றின் கணக்கை மற்றதில் அளந்துவிட்டார். மருந்து, கால்குடைச்சலில் தூக்கம் வராத சுரக்குடி விவசாயி ஒருவருக்கு.

அந்த மனிதர் ஒரு வேளைதான் குடித்தார். அன்று ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவே இல்லை. வண்டி கட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "நாடி நல்லா இருக்கு, தூங்குறாரு, பாத்துக்கிட்டே இருங்க" என்றார். பாய் கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறு நாள் சாயங்காலம் அந்த மனிதர் கண்ணைத் திறந்து எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டார்.

அவர் மனைவி அழுதுகொண்டே அவர் தோளில் இரண்டு அடி வைத்தாள். அவருக்கு ஒரு குறையும் இல்லை. பழையது கேட்டு வாங்கி இரண்டு வட்டில் சாப்பிட்டார்.

டாக்டர் பாயைக் கூப்பிட்டு, "ரெண்டு குவளையையும் ஒரே பலகையில வச்சது என் தப்பும்தான்" என்று சொல்லிப் பழைய குவளையை எடுத்து உள்ளே பூட்டினார். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

முடியவிடாதவர் அந்தச் சுரக்குடிக்காரர்தான். வாரா வாரம் சந்தைக்கு வரும்போது ஜன்னலுக்கு வந்து நின்றுவிடுவார். கையில் பூசணிக்காயோ கீரைக்கட்டோ இருக்கும்.

"பாய், அன்னிக்கிக் குடுத்தீங்களே ஒரு மருந்து, அதையே குடுங்க. என் ஆயுசுல அப்புடி ஒரு தூக்கம் தூங்குனதில்ல. என்னா தூக்கம்ங்கிறீங்க."

வரிசையில் நிற்பவர்களிடமும் திரும்பிச் சொல்லுவார். "கைராசின்னா பாய் கைராசிதான்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் புட்டிக்குள் சிரிப்பேன். நிமிர்ந்து பார்த்தால் பாய் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் ஜன்னலில் வேடிக்கை பேசுவதை விட்டுவிட்டார். ஒரு அவுன்ஸ் அளக்க மூன்று தரம் ஊற்றிப் பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மறுபடி கொட்டிவிட்டு முதலிலிருந்து அளப்பார். மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோவார். ஒருமுறை தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு, "இந்தக் கையால இனிமே எதயும் அளக்கக் கூடாது" என்று தனக்குத்தானே சொன்னார். குவளைத் தப்பு ஒன்றுதான் காரணம் என்று நான் அப்போது நினைத்தேன். காய்ச்சல் மாதங்களும், காலி வீடும், தூக்கமில்லாத இரவுகளும் அவருக்குள் ஏற்கெனவே சேர்ந்து கிடந்தன என்று பின்னால்தான் தெரிந்தது.

குடை வந்தது அப்போதுதான்.

குடை கிடைத்த மூன்றாம் நாள் சலவைக்காரர் ஆஸ்பத்திரித் துணி எடுக்க வந்தார். சந்தோஷமாக இருந்தார்.

"கம்பவுண்டர் ஐயா அவரு மணிக்கூட்ட எனக்கே குடுத்துட்டாருய்யா. அலாரம் அடிக்கிற மணிக்கூடு. எங்க வீட்ல இப்ப கழுதகூட நேரத்துக்கு எந்திரிக்குது."

அன்று மாலையே, கூட்டிப் பெருக்குகிற அக்காள் ஒரு பித்தளைத் தூக்கைத் துலக்கிக்கொண்டிருந்தாள். பாயின் சாப்பாட்டுத் தூக்கு. "வச்சுக்கங்கன்னாரு" என்றாள்.

குடை, மணிக்கூடு, சாப்பாட்டுத் தூக்கு. மழைக்கு நடுவில் குடையைக் கொடுப்பவருக்கு அடுத்த மழையைப் பற்றி நினைப்பில்லை. காலையில் எழுப்புகிறதையும், மதியம் சாப்பிடுகிறதையும் கொடுத்துவிட்டார். ஐப்பசியிலயா என்று என் மனைவி கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

"போயிக் கேளுங்க" என்றாள்.

"என்னன்னு கேக்குறது?"

"சாவணும்னு இருக்கான்னு கேளுங்க."

"அப்புடிக் கேட்டா, இல்லாத நெனப்ப நாம குடுத்ததா ஆயிடாதா?"

"மணிக்கூட்டக் குடுத்தவரு நாம சொல்லித்தான் நெனைக்கப் போறாராக்கும்" என்றாள் அவள். "நாம கேக்கலன்னா வேற யாரு கேப்பா?"

மறு நாள் கேட்டுவிடுவது என்று போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மருந்தறைக்குள் நுழைந்து, "பாய்" என்றேன்.

"என்ன தம்பி?"

"வயித்த வலிக்குது பாய்."

அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு புட்டி மருந்து கலந்து கொடுத்தார். காகிதத்தை நானே வெட்டி நானே ஒட்டிக்கொண்டேன். அடுத்த நாள் மறுபடி முயற்சி செய்தேன். "பாய், நேத்து மருந்துக்குக் கேக்கல" என்றுதான் வாயில் வந்தது. இன்னொரு புட்டி. மூன்றாம் நாளும் அதே கதை. என் வீட்டு மாடத்தில் மூன்று மருந்துப் புட்டிகள் வரிசையாக நின்றன. மனைவி அவற்றைப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தன புட்டி ஆவும்?" என்றாள்.

ஆனால் அந்த மூன்று நாளும் அவரைத் தனியாக வீட்டுக்குப் போக நான் விடவில்லை. அதற்குக் குடை உதவியது. வேலை முடியும் நேரத்தில் குடையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றுவிடுவேன். அவர் திண்டாடுவார்.

"நீ போ தம்பி."

"மழையா இருக்கு பாய். குடை என்கிட்ட இருக்கு."

வேறு வழியில்லாமல் குடைக்குள் வருவார். குடையைக் கொடுத்ததே அவர்தானே. இரண்டு பேரும் தோள் உரச நடந்து அவர் வீடு வரை போவோம். இருட்டுகிற வரை அவர் வீட்டு முற்றத்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். பிறகு பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பேச்சுக் கொடுப்பார். அவர் காதிலும், "பாய்க்கு உடம்பு சரியில்ல, கூட இருங்க" என்று மட்டும் போட்டு வைத்திருந்தேன். அவ்வளவு பேசியதே எனக்குப் பெரிய காரியம்.

நாலாம் நாள் மதியம். ஜன்னலைச் சாத்திவிட்டோம். வெளியே மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. பாய் அளவுக் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் புட்டித் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் கேட்டேன்.

"பாய், உங்களுக்குச் சாவணும்னு தோணுதா?"

துடைத்த கை நின்றது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. குடைய வச்சுத்தான் தெரிஞ்சுச்சு."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "தோணுது" என்றார். "ஹராம்னு, மார்க்கம் தடுத்ததுன்னு தெரியும். தெரிஞ்சும் வருது. காலம்பற கண்ணு முழிச்சதும் வருது. நான் என்ன செய்யட்டும்?"

எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. நாலாம் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. "நான் இங்கயே இருக்கேன் பாய்" என்றேன். போய் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் பேச ஆரம்பித்தார். காய்ச்சல் நாட்களில் ஜன்னலுக்கு வந்துகொண்டிருந்து பிறகு வராமலே போன முகங்களைப் பற்றிச் சொன்னார். தூங்கினால் குவளைகள் கனவில் வருகின்றன என்றார். வீட்டுக்குப் போனால் பேசுவதற்குச் சுவர்தான் என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசத் தெரியாதவனுக்கு அது ஒன்று வரும்.

பேசி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு மாசமா என்னய யாரும் ஒண்ணும் கேக்கல. கேக்குறதுக்கு இந்த ஊமையன்தான் வரணுமா? அதுவும் மூணு நாளு வயித்த வலின்னு பொய் சொல்லிட்டு."

"பொய்யின்னு தெரியுமா பாய்?"

"உனக்குக் குடுத்தது வெறும் ஓமத்தண்ணிடா."

நான் சிரித்துவிட்டேன். அவரும் லேசாகச் சிரித்தார். பிறகு, "யார்ட்டயும் சொல்லிடாத" என்றார்.

என் ஆயுளில் பெரியவர்கள் சொன்னதை நான் மறுத்ததில்லை. அன்று மறுத்தேன்.

"சொல்லுவேன் பாய். டாக்டர் ஐயாகிட்டச் சொல்லுவேன். நீங்களும் வாங்க, ஒண்ணாப் போயிச் சொல்லுவோம்."

"அந்தச் சின்னப் பையன்கிட்டயா?"

"கால் ஒடிஞ்சா அவருகிட்டத்தானே காட்டுவீங்க?"

அந்தப் பதில் எனக்குள்ளிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு எழுந்தார். குடையை விரித்தேன். ஆஸ்பத்திரி முற்றத்தைத் தாண்டி டாக்டர் அறைக்குப் போனோம்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. கடைசியில் மேசையைப் பார்த்துக்கொண்டு, "என்கூடப் படிச்சவன் ஒருத்தன் இருந்தான்" என்றார். "எல்லாரையும் சிரிக்க வைப்பான். நோயாளிங்களுக்கு அவன்னா உசிரு. அவன நாங்க யாருமே கேக்கல பாய். டாக்டருக்குப் படிக்கிறவனுக்கு என்ன வரப்போவுதுன்னு இருந்துட்டோம்."

அதற்குப் பிறகு அவர் மூன்று காரியம் சொன்னார். மருந்தறைச் சாவியைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏன், எம்மேல நம்பிக்கை இல்லியா?"

"நம்பிக்கை இருக்கு. கொஞ்ச நாளைக்கு இடுப்புல கனம் இல்லாம இருங்க."

இரண்டாவது, நாகூரிலிருக்கும் பாயின் அக்காவை வரவழைக்க வேண்டும் என்பது. மூன்றாவது, புதுச்சேரியில் மனசு நோய் பார்க்கிற டாக்டரிடம் போக வேண்டும் என்பது. "காய்ச்சலுக்கு மருந்து குடிக்கச் சொல்றவரு நீங்க. இதுவும் ஒரு நோய்தான். சரியாகக்கூடியது" என்றார். பாய் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

அக்கா மறு நாளே வந்து இறங்கினார். அவர் வந்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் அமைதிக்கு இடமில்லாமல் போய்விட்டது. "தம்பி எளச்சுப் போயிட்டான், ஆஸ்பத்திரிக்காரங்களா நீங்க எல்லாம், பாத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று முதல் நாளே என்னையும் ஒரு வாங்கு வாங்கினார். வாங்கு முடிந்ததும் இடியாப்பமும் இறால் ஆணமும் வைத்தார். ஆணம் என்பது அவர்கள் வீட்டுக் குழம்பு. திட்டோடு சேர்த்து மூன்று தரம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

புதுச்சேரிக்கு நானும் கூடப் போனேன். மாதம் ஒரு தடவை, பஸ்ஸில். அங்கே பெரிய டாக்டர் முன்னால் பாய் என்ன பேசினாரோ தெரியாது, நான் வெளியே பெஞ்சியில் குடையோடு உட்கார்ந்திருப்பேன். உடனே சரியாகிவிடவில்லை. நல்ல நாளும் வந்தது, கெட்ட நாளும் வந்தது. கெட்ட நாளில், "இன்னிக்கி எப்புடி பாய்?" என்று நான் கேட்டால், மூடி மறைக்காமல், "இன்னிக்கி மோசம்" என்பார். அப்படிச் சொல்ல ஆரம்பித்ததே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஒரு மாத ஓய்வுக்குப் பிறகு மருந்தறைக்கு வந்தார். டாக்டர் விடாமல் எழுதிப் போட்டு இன்னொரு கம்பவுண்டரையும் வரவழைத்திருந்தார். கூடவே புதிதாக ஒரு முறையும் கொண்டுவந்தார். ஒருவர் அளந்தால் இன்னொருவர் கோட்டைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் நானாக இருந்தேன். எனக்கு எண்கள் படிக்கத் தெரியும், ஆனால் சத்தமாகச் சொல்லத்தான் வராது.

"ரெண்டு" என்பேன்.

"காதுல விழல."

"ரெண்டு அவுன்ஸ்."

"ஜன்னலுக்கு வெளியில நிக்கிற அம்மாவுக்குக் கேட்டுச்சான்னு கேளு."

"ரெண்டு அவுன்ஸ்!" என்று கத்துவேன். வெளியே வரிசை சிரிக்கும். பாய் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். இந்த முறை புட்டிக்குள் முகத்தை வைக்க எனக்கு நேரமிருக்காது, அடுத்த அளவு வந்துவிடும்.

தை அறுவடை முடிந்த பிறகு சுரக்குடிக்காரர் ஒரு நாள் வந்தார். தோளில் புதுநெல் அரிசி ஒரு சின்ன மூட்டை. பழைய பல்லவியையே பாடினார். பாய் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார்.

"ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி உங்களுக்கு நான் தப்பா அளந்து குடுத்துட்டேன். அதிகமாப் போயிடுச்சு. அதான் அந்தத் தூக்கம். உங்க உசிருக்கே ஆபத்தா ஆகியிருக்கும். என்னய மன்னிச்சிடுங்க."

சுரக்குடிக்காரர் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினார். யோசித்தார்.

"தப்பாக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"நான் எந்திரிச்சப்ப பக்கத்துல முக்காலி போட்டு ஒக்காந்திருந்தது நீங்கதானே?"

"ஆமா."

"எத்தன நேரமா ஒக்காந்திருந்தீங்க?"

நான்தான் தொட்டிப் பக்கமிருந்து சொன்னேன், "கொண்டாந்து போட்டதுலேருந்து, நீங்க எந்திரிக்கிற வரைக்கும்."

"அப்புறம் என்ன. நானுந்தான் ஒரு தடவ அடுத்தவன் வயலுக்குத் தண்ணியத் திருப்பி வுட்டுட்டேன், அவன் நாத்து அம்புட்டும் மெதந்துச்சு. ஒரு மாசம் அந்தப் பக்கமே போவல. கடைசியில அவனே வந்து கூப்பிட்டான்." மூட்டையை ஜன்னல் பலகையில் வைத்தார். "சரி, அந்த மருந்து வேணாம். கால்குடைச்சலுக்குச் சரியா அளந்து ஒண்ணு குடுங்க. அந்தத் தம்பிய நல்லாக் கத்தச் சொல்லுங்க."

பாய் அளந்தார். நான் கத்தினேன். அன்றைக்கு அவர் ஒரே தரம்தான் அளந்தார்.

இன்னும் சொல்ல வேண்டியது குடையைப் பற்றித்தான்.

அடுத்த ஐப்பசி வந்தது. முதல் மழை காலையிலேயே பிடித்துக்கொண்டது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம், வாசலில் பாய் நின்றார். தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்.

"தம்பி, என் குடையக் குடு."

என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"குடுத்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா பாய்?"

"அப்ப நான் ஒழுங்கா இல்லம்மா. ஒழுங்கா இல்லாதவன் குடுத்தது செல்லாது. அந்த சலவைக்காரரு மணிக்கூட்டத் தர மாட்டேங்குறாரு. சாப்பாட்டுத் தூக்க வாங்கிட்டேன். இப்ப மழை காலம், எனக்குக் குடை வேணும். இந்த வருஷம் பூரா வேணும். அடுத்த வருஷத்துக்கும் வேணும்."

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடையை எடுத்து வந்து கொடுத்தாள். பாய் விரித்துப் பார்த்தார். ஒரு கம்பி வளைந்திருந்தது. புதுச்சேரி பஸ்ஸில் யாரோ அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னடா இது? சைகோன் குடைடா. சைகோன் குடையோட கம்பிய வளச்சு வச்சிருக்கியே. குடுத்த பொருள இப்புடியா வச்சிருக்குறது? பிடியப் பாரு, எண்ணெய் பூசித் தொடச்சியா ஒரு நாளாச்சும்? பூணு கறுத்துப் போயிருக்கு."

கோபம் தீரும் வரை திட்டினார். தெருக்கோடி வரை திட்டிக்கொண்டே போனார். கோணல் கம்பியோடு அந்தக் கறுப்புக் குடை பள்ளிவாசல் முனையில் திரும்புகிற வரை நான் வாசலிலேயே நின்றேன்.

"கூடவே போயிருக்கலாமுல்ல, ரெண்டு பேரு நிக்கிற குடைதானே?" என்றாள் என் மனைவி.

"அவரு என்னய மறந்துட்டுப் போயிட்டாரு" என்றேன்.

அன்று நான் முழுவதும் நனைந்துகொண்டுதான் வேலைக்குப் போனேன்.